சீருக்கு வந்த படகு

“ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கப் போறதில்ல. நாளைக்கு சாயங்காலமே வந்துர்றேன்” என்று அம்சவள்ளி போனில் சொன்னபோது, அங்கமுத்து வாசலில் நின்ற காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். துணி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏன், பொண்ணு வூட்ல எதாவது சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. வூட்டு நெனப்பா இருக்கு. வாசல்ல எல்லாம் வச்சது வச்சபடி இருக்கா?”

“இருக்கு, இருக்கு. ஒரு துரும்புகூட அசையல.”

எதிர்முனையில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. “அப்பிடியா? சரி, வந்து பாக்கறேன்.”

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அம்சவள்ளி காரணமில்லாமல் சிரித்ததில்லை. அங்கமுத்துவுக்கு அது நல்லதாகப் படவில்லை. ஏனென்றால் வாசலிலிருந்து அசைந்து போயிருந்தது துரும்பல்ல, பதினெட்டு அடிப் படகு.

குரும்பலூரில் படகு எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. எண்ணூறு அடி போர் போட்டாலும் புழுதிதான் வரும் ஊர் அது. அம்சவள்ளியின் அப்பா கொள்ளிடத்தில் படகு விட்டவர். ஆற்றுக்குப் பாலம் வந்த வருடம்தான் மகளுக்கு வரனும் வந்தது. கட்டில், பீரோ, பித்தளை அண்டாவோடு அந்த இலுப்பை மரப் படகையும் லாரியில் ஏற்றிச் சீராக அனுப்பிவிட்டார். பிறந்த வீட்டுச் சீரை விற்கக் கூடாது, விற்றால் குடும்பம் விளங்காது என்று இரு பக்கத்துச் சொந்தமும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து படகு வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதில் ஆடு படுத்தது, கோழி முட்டை வைத்தது, வருகிறவர் போகிறவர் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். அங்கமுத்து மட்டும் ஆயுத பூஜை தவறாமல் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைக்கும்போது மனதுக்குள் என்ன சொன்னார் என்பது அவருக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

போன புதன்கிழமை, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருக்கும் பூமாலை, அவருடைய மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வந்தான்.

“அண்ணே, எங்க காட்டுல பழைய கல்லுக் குழி ஒண்ணு இருக்கு. மழ பேஞ்சு ஏரியாட்டம் தண்ணி நிக்கிது. அதுல படகு விடணும்னு ஆச. எங்கப்பாவோட காரு ஒண்ணு கெடக்கு, அம்பத்தேழாம் வருசத்து மாடலு. மாத்திக்கலாமா?”

“அது சீருப்பா. விக்கக் கூடாது.”

“விக்கத்தாண்ணே கூடாது. மாத்திக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? நானுந்தான் அப்பா கார வித்தவன்னு பேரு வாங்க முடியாது. பொருளுக்குப் பொருளு. நடுவுல பைசா வராது.”

இவ்வளவு நுணுக்கமான சட்டம் ஒரு லாரிக்காரன் வாயில் எப்படி வந்தது என்று அங்கமுத்து யோசித்திருக்கலாம். ஆனால் அதற்குள் கடை வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டார். கிளிப்பச்சை நிறம், உருண்டை விளக்கு, பளபளக்கும் பம்பர். அதன் பிறகு அவர் யோசிக்கவில்லை. அன்று மதியமே படகு அரியலூருக்குப் போய்விட்டது.

இப்போது மனைவியின் சிரிப்பைக் கேட்டபின் காரைப் பார்த்தாலே பயமாக இருந்தது. பூமாலைக்குப் போன் செய்தார்.

“தம்பி, எனக்குப் படகு வேணும். நாளைக்கு என் சம்சாரம் வர்றா.”

“என்னண்ணே இது, சின்னப் புள்ளைங்க மாதிரி? சரி, கார நான் குடுத்தபடியே கொண்டாங்க. பாப்போம்.”

அந்தக் ‘குடுத்தபடியே’தான் இடித்தது. ஊரில் எந்த மோட்டார் நின்றாலும் அங்கமுத்துதான் ஓட வைப்பார். அந்தத் தைரியத்தில் ஆறு நாட்களாகக் காரில் கை வைத்திருந்தார். அடிக்காமலிருந்த ஹாரனைச் சரி செய்தார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அது தானாக அடித்தது. அதை நிறுத்தினார், வைப்பர் ஓட ஆரம்பித்தது. வைப்பரை நிறுத்தினார், என்ஜின் நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும், மினி லாரி ஓட்டும் ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டார்.

“கயித்தக் கட்டி இழுத்துரலாம்ணே” என்றான் ரஞ்சித்குமார். “நீங்க உள்ள ஒக்காந்து ஸ்டியரிங்க மட்டும் புடிங்க.”

பெரம்பலூர் தாண்டும்வரை ஊர்வலம் ஒழுங்காகவே போனது. பேரளி வேகத்தடையில் ‘டமார்’ என்று சத்தம் கேட்டது. அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் கயிறும், கயிற்றின் நுனியில் பம்பரும் தீப்பொறி பறக்கப் போய்க்கொண்டிருந்தன. கார் மட்டும் போகவில்லை.

“டேய் ரஞ்சிதூ!” என்று கத்தினார். ஹாரனை அழுத்தினார். வைப்பர் ஓடியது.

இரண்டு கிலோமீட்டர் போனபிறகுதான் ரஞ்சித்குமார் கண்ணாடியில் பார்த்துத் திரும்பி வந்தான். “இழுக்க லேசா இருக்கேன்னு பாத்தேண்ணே” என்றான்.

அரியலூரில் பூமாலை தன் வீட்டு வாசலில் நின்று காரைச் சுற்றி வந்து பார்த்தான்.

“நான் குடுக்கறப்ப இது ஓடிச்சு. இப்ப பம்பரு பின் சீட்ல ஒக்காந்து வருது.”

“நான் மாட்டிக் குடுத்துர்றேன் தம்பி. படகு எங்க?”

பூமாலை வேறு பக்கம் பார்த்தான். “குழியிலதான் இருக்கு.”

“மெதக்குதா?”

“பத்து நிமிசம் மெதந்துச்சு.”

முப்பத்தொரு வருடம் வெயிலில் காய்ந்த மரம். விட்டதும் இடுக்குகளில் தண்ணீர் ஏறி, நான்கடி ஆழத்தில் உட்கார்ந்துவிட்டது. அங்கமுத்துவுக்குக் கண் கலங்கியது.

“என் சம்சாரத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? எடுத்துக் குடுத்துரு தம்பி.”

அப்போது பூமாலையின் மனைவி சிந்தாமணி உள்ளிருந்து வந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

“மாத்துன பொருள திருப்பிக் கேக்கறது எந்த ஊரு வழக்கம்? கார எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க” என்றாள் கணவனிடம்.

பூமாலை கையை விரித்தான். “அவ வேணாங்குறாளேண்ணே.”

“கடையில புது அஞ்சு எச்பி மோட்டார் இருக்கு. அதையும் தர்றேன்.”

“எங்களுக்கு மோட்டாரே வேணாம்” என்றாள் சிந்தாமணி.

“என் மொபெட்டையும் எடுத்துக்கங்க.”

“தங்கத்துல தேரு செஞ்சு குடுத்தாலும் இந்தக் காரு வாசல்ல ஏறக் கூடாது!”

அவள் படகின் மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று அங்கமுத்து நினைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் இவளுக்கே இப்படி என்றால், பெற்ற அப்பன் படகு, அம்சவள்ளிக்கு எப்படி இருக்கும்? “ரெண்டு மூட்ட சின்ன வெங்காயம்” என்றார்.

பூமாலைக்கு மனம் இளகிவிட்டது. “பாவமா இருக்கு சிந்தா. மனுசன் அழுதுருவாரு போல” என்று பொக்லைனுக்குப் போன் செய்தான்.

பொக்லைன் வந்தது. படகு சேறு வழிய மேலே எழுந்தது. பொக்லைனின் பல் பட்டு விளிம்பில் ஒரு முழம் பிய்ந்தது. அங்கமுத்து அந்தத் துண்டைப் பொறுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சேற்றைக் கழுவியபோதுதான் அடுத்த இடி இறங்கியது. படகின் பக்கவாட்டில் ரோஸ் பெயின்ட்டில், முழ நீள எழுத்தில், ‘சிந்தாமணி’ என்று எழுதியிருந்தது.

“ஆசையா எழுதுனேண்ணே” என்றான் பூமாலை.

ரஞ்சித்குமார் எட்டிப் பார்த்தான். “படகு காணாமப் போயிருந்தாக்கூட எதாவது பொய் சொல்லிரலாம். மாமனாரு படகுல இன்னொருத்தர் சம்சாரம் பேரு. இதுக்கு அண்ணிகிட்ட என்னண்ணே சொல்லுவீங்க?”

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். மூன்று பேரும் ஒரு மணி நேரம் தேய்த்ததில் பாதிப் பெயர் போனது. ‘மணி’ மட்டும் போகவே இல்லை. மணி என்று மாமனாருக்கு ஒரு செல்லப் பெயர் இருந்ததாகச் சொல்லிவிடலாம் என்று அங்கமுத்து முடிவு செய்தார்.

படகு லாரியில் ஏறியது. பச்சைக் கார் பூமாலை வீட்டு வாசலில் பம்பரில்லாமல் நின்றது. மணி மூன்று. இப்போது கிளம்பினால் அம்சவள்ளியின் பஸ் வருவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். மொபெட் போனால் போகட்டும், மோட்டார் போனால் போகட்டும், வாசலில் படகு இருக்கும்.

அங்கமுத்து லாரியில் ஏறப்போன நேரத்தில் சிந்தாமணி விறுவிறுவென்று வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

“இந்தப் படகு மேல உங்களுக்கு அப்பிடி என்னண்ணே ஆச?”

“ஆசையா?” அங்கமுத்து சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது. “சத்தியமா சொல்றேம்மா, இதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எத்தன தடவ முட்டி பேந்துருக்கு தெரியுமா? ஆனா அவளுக்கு இதுதாம்மா அப்பன். வந்து நிக்கறப்ப வாசல் வெறிச்சுன்னு கெடந்தா அவ மொகம் எப்பிடி வாடும்? அத என்னால பாக்க முடியாது. அவளுக்கு முன்னாடி எனக்குக் காராவது, மோட்டாராவது?”

சிந்தாமணி கதவிலிருந்து கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அடக் கடவுளே! சமயபுரத்துக்கு ஒண்ணா நடந்து போறப்ப, ‘கை மாறிட்டா அப்பறம் அது சீரும் இல்ல, சொத்தும் இல்ல, கார நான் காயலான் கடைக்குப் போட்டுர்றேன், படக நீ அடுப்புக்குப் பொளந்துக்க’ன்னு சொல்லி, எங்க வூட்டுக்காரர உங்ககிட்ட அனுப்பி வைக்கச் சொன்னதே அம்சவள்ளி அக்காதாண்ணே!”