ஒரே தட்டு துவெய்

உலகத்தில் எங்கே எது சிக்கிக்கொண்டாலும், கால் மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் முளைத்துவிடுகிற ஓர் இனம் உண்டு. திறக்காத பூட்டு, கழலாத சக்கரம், மூடி வராத டப்பா, எதுவானாலும் சரி. அந்த இனத்து மனுஷரை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கூப்பிட்டால்தான் வருவேன் என்று முறுக்கிக்கொள்ளும் ரகமும் அவர் இல்லை. வருவார், இடுப்பில் கை வைப்பார், தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார், "இதுக்குப் போயா இத்தனை பேரு? ஒரே தட்டு, வந்துரும்" என்பார். கையில் சுத்தியல் இருக்காது. இந்த இனத்தார் சொந்தச் சுத்தியலோடு வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

எங்கள் மொய்பென் ஊர்ப் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் அராப் துவெய். எல்டோரெட் டவுனில் டிராக்டர் விற்கிற ஒரு கம்பெனியில் பல வருஷம் இருந்தவர். என்ன வேலை என்று கேட்காதீர்கள். கேட்டில் காவல். ஆனால் "நான் கம்பெனில இருந்தவன்" என்று அவர் ஆரம்பித்தால், டிராக்டரைக் கண்டுபிடித்த கூட்டத்தில் இவரும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது என்றுதான் நமக்கே தோன்றும்.

ஜெரோதிச் வீட்டுக் களத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்த அம்மாவின் ஒரு வருஷத்து மக்காச்சோளம் முழுக்கக் கதிராகத் தரையில் குவிந்து கிடந்தது. உதிர்க்கிற மிஷினை டிராக்டரில் மாட்டிக்கொண்டு மிஷின்காரன் லகாட் காலையிலேயே வந்துவிட்டான். பாதிக் குவியல்கூட முடியவில்லை, டிராக்டரிலிருந்து மிஷினுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு 'டங்' என்று முறிந்தது. செரங்கானி மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்தால் மிஷின் வேறு ஊருக்குப் போயாகவேண்டும். நனைந்த சோளத்தில் பூஞ்சை பிடித்தால் மனிதர் சாப்பிட முடியாது, மாட்டுக்குக்கூட வைக்க முடியாது. அந்த வீட்டுச் சோறு அத்தனையும் அந்தக் களத்தில்தான் கிடந்தது.

லகாட் கெட்டிக்காரன். பக்கத்துப் பண்ணைக்கு ஓடி வேறொரு தண்டை இரவல் வாங்கி வந்துவிட்டான். ஆனால் பழைய தண்டின் முனை, கவை மாதிரி இருக்கிற இரும்புத் தலை, மிஷினின் அச்சைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. அது கழன்றால்தான் புதியதை மாட்டலாம். லகாட் அதன் நட்டைக் கழற்றினான். போல்ட் அப்போதே கீழே உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இழுத்தான். அசையவில்லை.

துவெய் வந்தார்.

இங்கே இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் அப்பாவோடு ஒரே ஆண்டில் விடலைப் பையன்களுக்கான சடங்கு முடித்துக் காட்டிலிருந்து வந்தவர் எல்லாரும் அப்பாதான். துவெய் லகாட்டின் அப்பாவுடைய கூட்டம். எனவே லகாட்டுக்கு வாய் இருந்தும் இல்லை. இன்னொன்று, கெட்டுப்போன மிஷினில் கை வைத்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் கிடையாது. துவெய் கை வைத்ததும் ரோட்டில் போனவர்களெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு கை வைத்தார்கள். ஜெரோதிச் அண்ணாந்து மேகத்தைப் பார்ப்பதும், குனிந்து பால் பாத்திரத்தைப் பார்ப்பதுமாக அடுப்புக்கும் களத்துக்கும் நடந்தாள்.

இந்த இனத்தின் சடங்குமுறை ஒன்று இருக்கிறது, எந்த ஊரிலும் மாறாது. முதலில், "யாரு இதை மாட்டினது?" மாட்டினவன் செத்துப்போயிருந்தாலும் அவனுக்கு நாலு திட்டு. அடுத்தது சுத்தியல். சுத்தியலுக்கு வராவிட்டால் இதைவிடப் பெரிய சுத்தியல், அதற்கும் வராவிட்டால் சம்மட்டி, நடுநடுவே டீசல் ஊற்றுவது, அடுப்புக்கரியைக் கொட்டிச் சூடுகாட்டுவது, சமையல் கொழுப்பைத் தடவுவது, கடப்பாரையை நுழைத்து நாலு பேராகத் தொங்குவது, கடைசியில் எல்லாரும் விலகி நின்று அந்த இரும்பைக் கெட்ட வார்த்தையில் ஏசுவது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு துவெய் குனிந்து பார்த்து, "அசைஞ்சுச்சு, பாத்தீங்களா?" என்பார். யாருக்கும் தெரியாத அசைவு. ஆனால் இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? எல்லாரும் குனிந்து பார்த்து, "ஆமா, லேசா" என்றார்கள். அன்றைக்கு அது அசைந்த கணக்கைக் கூட்டினால் அந்தக் கவை நைரோபிக்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

முதல் தூறல் விழுந்தது. ஜெரோதிச் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, ஆம்பளைகள் எல்லாரும் அதைக் கொண்டுவர ஓடினார்கள். மிஷின் பக்கத்தில் துவெய் மட்டும் நின்றார்.

சங்கிலி போட்டு இழுத்தால் மிஷின் அச்சே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்பது கேட்டில் நின்றவருக்கும் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல், கவையின் மேல் அப்பிக்கிடந்த கிரீஸையும் சோளத்தூசியையும் ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தார். போல்ட்டின் தலை. நட்டு போயும் போல்ட் போகவில்லை. அச்சில் வெட்டியிருந்த பள்ளத்தில் குறுக்கே படுத்துக்கொண்டு, இத்தனை நேரமும் இத்தனை பேர் அடித்த அடியையும் வாங்கிக்கொண்டு, அசையாமல் கிடந்தது. இது துருப்பிடித்துச் சிக்கிய கேஸே இல்லை. தாழ்ப்பாளைத் திறக்காமல் கதவை உடைத்த கதை.

துவெய் சுற்றும் முற்றும் பார்த்தார். கவையைப் பின்னுக்கு லேசாகத் தள்ளி, குறட்டால் போல்ட்டை உருவினார். சுடச்சுட வந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்கள் சங்கிலியோடு திரும்பினார்கள். துவெய் கையை உயர்த்தி நிறுத்தினார். எல்லாரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். இருந்ததிலேயே சின்னச் சுத்தியலை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தட்டு. கவை வழுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது.

களமே வாய் பிளந்தது. லகாட் குனிந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். "பெரியப்பா, கம்பெனி கம்பெனிதான்" என்றான்.

புதுத் தண்டை மாட்டினார்கள். போல்ட் வேண்டுமே? இரவல் தண்டு போல்ட் இல்லாமல் வந்திருந்தது. பழையது எங்கேயோ விழுந்திருக்கும் என்று அத்தனை பேரும் சோளச் சக்கைக்குள் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தார்கள். தூறல் கனத்தது. ஜெரோதிச் துவெய்க்குப் பக்கத்திலேயே மண்டியிட்டுச் சேற்றைக் கிளறினாள். துவெய்யும் குனிந்து தேடினார். பையில் கிடந்த போல்ட் தொடையைச் சுட்டது. எடுத்துக் கொடுத்தால் மானம் போகும். கொடுக்காவிட்டால் ஒரு குடும்பத்தின் சோறு போகும். நல்ல மனுஷன்தான், கஷ்டப்பட்டுப்போனார். கடைசியில் ஒரு கையால் சக்கையைக் கிளறிக்கொண்டே மறு கையைப் பைக்குள் விட்டு, "இந்தா! என் கண்ணுக்குத்தான் இது படணுமா?" என்று தூக்கிக் காட்டினார்.

மிஷின் ஓடியது. தார்ப்பாய்க்கு வெளியே இருந்த கதிரெல்லாம் பலத்த மழைக்கு முன்னால் உதிர்ந்து மூட்டைக்குள் போய்விட்டது. அன்றைக்கு இரட்டை வெற்றி துவெய்க்கு. தேர்தலில் நின்றிருந்தால் அன்றே ஜெயித்திருப்பார்.

எல்லாருக்கும் கடைசிச் சுற்று டீ. ஜெரோதிச் அவருக்கு மட்டும் தானே கொண்டுவந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டி, வேறு யார் காதிலும் விழாத குரலில் சொன்னாள்:

"நல்லா குடிங்க பெரியப்பா. பையில வேற ஏதாச்சும் இருந்தா, அதையும் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

துவெய்க்குப் புரையேறிவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் உங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்று எல்லாரும் பதறியபோது, நீங்கள் போய் மேலே ஒரு தட்டு தட்டி ஓட வைத்தீர்களே. பிளக் கழன்று கிடந்ததை வீட்டில் சொல்லிவிட்டீர்களா?