கரடி டப்பாவும் கால் டாலர் நாணயமும்

அர்க்காட்டா,
செப்டம்பர் 19

பிரியமுள்ள ரோவீனா அக்காவுக்கு,

தம்பி ஆல்டன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஓரளவு நலம். அங்கே நீயும் அத்தானும் பிரெஸ்னோ வெயிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? இந்த உறைக்குள் அம்மாவின் மோதிரம் இருக்கிறது. ஜூலையில் அதை என் கையில் கொடுக்கும்போது, "அந்த இனெஸ் சரின்னு சொன்னா அவ விரல்ல போடு. இல்லேன்னா ஒழுங்கா எனக்கே திருப்பி அனுப்பிடு, என் மருமக கேட்டு உயிரை வாங்குறா" என்று சொன்னாய். அனுப்பிவிட்டேன். மருமகளுக்கு என் ஆசிகள். என்ன நடந்தது என்று போனில் கேட்டால் பாதியிலேயே வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு என் வாயில் ஆரம்பித்தது. இனெஸ் தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள், ஓய்வுபெற்ற பிறகு வாரம் தவறாமல் காட்டுக்குள் நடப்பவள். பழகிய புதிதில் ஒருநாள், "நீங்க காட்டுல தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டாள். "ஏகப்பட்ட தடவை" என்றேன். உனக்குத் தெரியாததா, முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்தை அந்த ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஓட்டினேனே தவிர, ஒரு மரத்தடியிலும் தலை சாய்த்ததில்லை. இரண்டு வருஷம் அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றினேன். அது போதாதென்று, "இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். துண்டுப் பிரசுரத்தில் 'மிக எளிது, முதுகுப்பையோடு முதல்முறை நடப்பவர்களுக்கு ஏற்றது, நான்கு மைல், ஏற்றமே இல்லை' என்று போட்டிருந்த பாதையாகப் பார்த்துப் பிடித்தேன். இரண்டு இரவு தங்குவது, அங்கே வைத்து மோதிரத்தை நீட்டுவது என்று திட்டம்.

பையில் என்ன வைப்பது என்று யாரையும் கேட்கவும் முடியாது, ஏகப்பட்ட தடவை போனவன் அல்லவா? இரும்பு வாணலி வைத்தேன், மடக்கு நாற்காலி வைத்தேன், வானொலியில் மழை கிடையாது என்றார்கள், அதனால் கூடாரத்தின் மேல்விரிப்பை மட்டும் வீட்டில் விட்டேன். பையை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கவே இனெஸ் கை கொடுக்க வேண்டியிருந்தது. வழியில் எங்களைத் தாண்டிப்போன எல்லாரும், இடுப்பில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்த ஓர் அம்மா உட்பட, "நல்லா இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். என்ன மரியாதையான ஜனம் என்று நினைத்தேன். நாலாவது ஆள் தண்ணீர் பாட்டிலையும் நீட்டிய பிறகுதான் என் முகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

இப்போது அந்த டப்பாவுக்கு வருகிறேன். கரடி உள்ள காடு என்பதால், புறப்படும்போதே அனுமதிச் சீட்டோடு வனக்காவல் நிலையத்தில், சாப்பாட்டைக் கரடி எடுக்காமல் பூட்டி வைக்க ஒரு கரடி டப்பாவையும் இரவல் கொடுத்தார்கள். வாளி அளவுக்குக் கறுப்பான, வழுவழுப்பான டப்பா, கைப்பிடி கிடையாது. மூடியை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், திறப்பதற்கு மட்டும் அதிலுள்ள பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருக வேண்டும். "சாப்பாடு மட்டும் இல்ல சார், வாசனை அடிக்கிற எதுவும் வெளிய இருக்கக் கூடாது. பல்பசை, சோப்பு, எதுவுமே" என்றாள் அங்கிருந்த பெண். விதி என்றால் எனக்கு விதிதான், முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டியதில்லை. இருட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தேன். உன் வீட்டு இழுப்பறையில் கிடந்ததால் மோதிரப் பெட்டி லாவண்டர் மணந்தது. உள்ளே போட்டேன். பீனட் பட்டர் தடவக் கத்தி இல்லாமல் கால் டாலர் நாணயத்தால்தான் ரொட்டியில் தடவியிருந்தேன். கழுவிய பிறகும் மணந்தது. அதையும் உள்ளே போட்டு மூடியை அழுத்தினேன். டக்கென்று நல்ல சத்தம் கேட்டது.

விடிந்தபோது நாங்கள் தொப்பலாக நனைந்திருந்தோம். மழை இல்லை அக்கா, வானொலிக்காரர்கள் சொன்னது சரி. மூடுபனியைக் கிளைகள் பிடித்துக் கீழே சொட்டுகின்றன, மரமே மழை பெய்கிறது. "மேல்விரிப்பு எங்க?" என்றாள் இனெஸ். "நான் எப்பவும் அது இல்லாமத்தான்" என்றேன். "சரி, காபி போடுங்க டிரைவரே" என்றாள். டப்பாவிடம் போனேன். பள்ளத்தைப் பார்த்தேன். சட்டைப்பையைத் தடவினேன். அடக் கடவுளே!

வண்டிச் சாவி, கூடார முளை, தட்டைக் கல், இடுப்பு வாரின் கொக்கி, எதற்கும் அசையவில்லை. "உங்ககிட்ட ஒரு நாணயம்கூடவா இல்ல?" என்று அவள் கேட்டபோது எனக்கு எங்கேயோ தைத்தது. வந்தவர் போனவரையெல்லாம் கேட்டேன், இந்தக் காலத்தில் எவன் சில்லறை வைத்திருக்கிறான், எல்லாரும் அட்டையைக் காட்டுகிறார்கள். ஆத்திரத்தில் ஓர் உதை விட்டேன். அது உருண்டது. சரிவில் இறங்கி ஓடையில் விழுந்து மிதந்தது. நானும் பின்னாலேயே பாய்ந்தேன், இடுப்பளவுத் தண்ணீரில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இனெஸ் கரையில் நின்று, "ஒரு காபிக்கா இந்தப் பாடு?" என்று கேட்டாள். பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "காபி இல்ல இனெஸ், உள்ள மோதிரம் இருக்கு. உனக்குத்தான். நான் காட்டுல ஒரு நாள்கூடத் தங்கினதில்ல. சொன்னதெல்லாம் பொய். பொய்க்காரனைக் கட்டிக்குவியா?" என்றேன். பல் தந்தியடித்ததில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "முதல்ல தண்ணியை விட்டு எழுந்திரிங்க" என்றாள்.

இரண்டாம் இரவு தங்கவில்லை. வனக்காவல் நிலையத்து மேசையில் ஒரு நாணயத்தை நூலில் கட்டியே தொங்கவிட்டிருக்கிறார்கள். "வாரத்துக்கு மூணு பேர் சார்" என்றாள் அந்தப் பெண். திறந்தாள். மோதிரத்தை எடுத்து அந்தப் பெண் முன்னாலேயே இனெஸிடம் நீட்டினேன். இனெஸ் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன். ஐந்து நாள் ஆயிற்று. தினம் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அழவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய்யாகும். அறுபத்து மூன்று வயதில் இதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். இனி காட்டுப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், தனியாக இருப்பதிலும் சௌகரியம் இருக்கிறது.

உனக்கும் அத்தானுக்கும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். உன் மருமகளின் கையில் அந்த மோதிரம் நூறு வருஷம் மின்னட்டும். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
ஆல்டன்

பி.கு.: உறையை ஒட்டி மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் இனெஸ். உள்ளே வந்தவள் உறையைக் கையில் எடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்து, "இது வெறும் கடிதம் இல்லையே" என்றாள். இருபத்தெட்டு வருஷம் எடை பார்த்த கை. அடுத்தவர் தபாலை அத்தனை வருஷமும் பிரித்துப் பார்க்காதவள், இதை என் கண் முன்னாலேயே கிழித்தாள். உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். அப்புறம் பூட்ஸைக் கழற்றி, அதன் நாக்குக்கு அடியிலிருந்து ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "கரடி டப்பா தூக்குறவங்க எல்லாரும் இப்படி ஒண்ணு வச்சிருப்பாங்க" என்றாள். "அன்னிக்கும் இருந்துச்சா?" என்றேன். "இருந்துச்சு. இரும்பு வாணலியோட வந்தப்பவே நீங்க காட்டுக்குப் புதுசுன்னு தெரிஞ்சுபோச்சு. உண்மை வாயில வர எவ்வளவு நேரம் ஆகும்னு பார்த்தேன். ஓடை வரைக்கும் ஆச்சு." "அப்ப இந்த அஞ்சு நாள்?" "நீங்க ரெண்டு வருஷம் வச்சுச் செஞ்சீங்க. நான் அஞ்சு நாள் செய்யக் கூடாதா?" என்று மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டாள். விரல் முட்டியைத் தாண்டிவிட்டது, சோப்பு போட்டாலும் இனி வராது.

ஆகவே உறைக்குள் மோதிரத்தைத் தேடாதே, தபால்காரரையும் திட்டாதே. மருமகளை நீயே எப்படியாவது சமாளி. அக்டோபர் கடைசியில் கல்யாணம், அத்தானோடு வந்துவிடு. மறுநாளே நாங்கள் அதே காட்டுக்குப் போகிறோம், மூன்று இரவு. டப்பாவை நான் சுமக்கிறேன். நாணயம் அவளிடமே இருக்கட்டும்.