ஐந்தாம் இடத்துச் சனி

உமாசுதனுக்கு வந்தது சாதாரணக் கோபமல்ல. வெள்ளவத்தை ஹம்டன் லேனில், நான்காம் மாடி வீட்டில், தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் அவனுக்கு வியர்த்தது. காரணம், சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு துண்டுக் கடதாசி. பெண்நோய் வைத்தியர் தன் கையாலேயே அதில் எழுதியிருந்தார்: கணவருக்கு விந்துப் பரிசோதனை.

கணவருக்கு. அந்த ஒரு சொல்லைத்தான் அவனால் சீரணிக்க முடியவில்லை. கலியாணம் முடித்து நாலு வருடமாகிறது, பிள்ளை இல்லை, உண்மைதான். அதற்காக வைத்தியரிடம் போனது யார்? மனைவி ரூபிகா. ஸ்கான் எடுத்தது யார்? மாதா மாதம் இரத்தம் கொடுத்தது யார்? கர்ப்பப்பைக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் பிடித்தபோது வலி பொறுக்காமல் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது யார்? எல்லாம் ரூபிகா. இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியத்துக்குள் இந்த வைத்தியர் எதற்காகச் சம்பந்தமில்லாத ஓர் ஆளை இழுக்கிறார் என்றுதான் உமாசுதன் கேட்டான்.

“எனக்கு என்ன குறை கண்டவ அந்த டொக்டர்?”

“குறை எண்டு ஆர் சொன்னது? இருக்கோ இல்லையோ எண்டு பாக்கத்தான் சொல்லுறா. என்ர பக்கம் எல்லாம் பாத்து முடிஞ்சுது. மிச்சம் நீங்கள்தான்.”

“நான் மிச்சமோ?” என்று அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

இத்தனைக்கும் உமாசுதன் வேலை செய்வது ஒரு காப்புறுதிக் கொம்பனியில். நாற்பது வயதைத் தாண்டிய யார் காப்புறுதி எடுக்க வந்தாலும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் அவன் வேலை. பயந்தவர்களிடம், இதில் என்ன இருக்கிறது ஐயா, பத்து நிமிட வேலை, உடம்பைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே என்று தேன் ஒழுகப் பேசுவான். அதைச் சொல்லிக் காட்டிய ரூபிகாவிடம், அது வேறு இது வேறு என்றான். என்ன வேறு என்று அவள் கேட்டாள். அவன் மொட்டை மாடிக்குப் போய் இரண்டு சிகரட் பிடித்துவிட்டு வந்து, வேறு என்றால் வேறுதான் என்றான்.

மூன்று வாரம் இப்படியே போனது. அந்தத் துண்டுக் கடதாசியை ரூபிகா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அவன் கழற்றினான். மீண்டும் ஒட்டினாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் சத்தமில்லாமல் அழுதாள். தனக்கு முப்பத்திநாலு வயதாகிறது, காத்திருக்க நேரமில்லை என்று மட்டும் சொன்னாள். உமாசுதனுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் வெள்ளவத்தையில் எந்த ஆய்வுகூடத்துக்குப் போனாலும் கவுண்டரில் இருப்பவர் தம்பி எந்த ஊர் என்று கேட்பார், பிறகு இன்னாரின் மகனா என்பார். மாலைக்குள் செய்தி லண்டன், கனடா எல்லாம் சுற்றிக் கோண்டாவிலுக்கு வந்துவிடும். அதை நினைத்தவுடன் இளகிய மனம் மறுபடியும் இறுகிவிட்டது.

கோண்டாவிலில் இருந்தது அவனுடைய அம்மா. ஞாயிறு தோறும் பின்னேரம் போன் எடுத்து, விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்பவர். ரூபிகாவைக் கந்தசட்டி விரதம், வெள்ளி விரதம் என்று நாலு வருடமும் பட்டினி போட்டவர். அந்த ஞாயிறு உமாசுதன் தன் மனக்குறை முழுவதையும் அவரிடம் கொட்டினான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த டொக்டர் கிடக்கட்டும், கொட்டாஞ்சேனைச் சாத்திரியாரிடம் இரண்டு பேருடைய சாதகக் குறிப்பையும் கொண்டுபோய்க் காட்டு, அவர் உள்ளதை உள்ளபடி சொல்லுவார் என்றார்.

உமாசுதனுக்கு ஒளி பிறந்தது. சாத்திரியார் குறிப்பைப் பார்ப்பார். ரூபிகாவின் குறிப்பில் ஏதோ தோஷம் என்பார். தோஷமென்று வந்துவிட்டால் பரிகாரம் செய்யவேண்டியது அவள்தான். விந்தாவது பரிசோதனையாவது. இவ்வளவு சுலபமான வழி தனக்கு மூன்று வாரமாகத் தோன்றவில்லையே என்று தன்னையே கடிந்துகொண்டான்.

ரூபிகா சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ தலையை ஆட்டிவிட்டு, அலுமாரியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய இரண்டு குறிப்புகளையும் எடுத்து வைத்தாள். சாத்திரியார் என்ன சொன்னாலும் இரண்டு பேரும் அப்படியே செய்யவேண்டும், அதற்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டாள். உமாசுதன் பெருந்தன்மையோடு சம்மதித்தான். பாவம், நல்ல பெண்தான் என்று நினைத்தான்.

அடுத்த ஞாயிறு காலை போனார்கள். அவனுடைய கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்ததும் இந்தச் சாத்திரியார்தான். வீடு குடிபுகுந்தபோது விடிகாலை நாலு ஐம்பத்திரண்டுக்குப் பால் காய்ச்ச வைத்ததும் இவர்தான். இவர் நாள் குறிக்காமல் உமாசுதன் காரில் சக்கரம்கூட மாற்றியதில்லை. சாத்திரியார் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து ரூபிகாவின் குறிப்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பிள்ளையின்ர குறிப்பு பால் மாதிரி. ஒரு பழுதும் இல்லை. உங்கட குறிப்பிலதான், தம்பி, ஐஞ்சாம் இடத்தில சனி சம்மணம் கட்டி இருக்கிறார்.”

உமாசுதன் தன் காதுகளை நம்பவில்லை. ஐந்தாம் இடம் பிள்ளைகளுக்கான இடம் என்பது அவனுக்குத் தெரியும். கலியாணப் பொருத்தம் பார்த்தபோது இந்தச் சனி எங்கே போயிருந்தார் என்று கேட்டான். அப்போது இருந்தார், ஆனால் இப்போதுதான் வேலையைக் காட்டுகிறார் என்றார் சாத்திரியார். அப்படியானால் எள்ளெண்ணெய் எரிக்கிறேன் என்றான். எண்ணெய்க்கு இந்தச் சனி மசியமாட்டார் என்றார். வைத்தியத்தின் மூலமாகத்தான் தோஷம் கழியவேண்டும் என்று குறிப்பிலேயே இருக்கிறதாம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்றிலிருந்து வியாழன் காலை வரை மரக்கறிச் சாப்பாடு, பிரமச்சரியம். சிகரட், மது தொடக்கூடாது. வியாழன் காலை ஒன்பது பத்துக்கும் பத்து மணிக்கும் இடையில், வடக்குத் திசையில், ஆற்றைத் தாண்டி, வத்தளையில் ஓர் ஆய்வுகூடத்தில், இரண்டாம் மாடியில் பரிசோதனை கொடுக்கவேண்டும். தேசிய அடையாள அட்டையையும் கொண்டுபோகவேண்டும்.

கிரகங்கள் மாடி எண்ணிக்கை வரை சொல்லும் என்று உமாசுதன் அறிந்திருக்கவில்லை. சனிபகவானுக்கு அடையாள அட்டை எதற்கு என்றும் யோசித்தான். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. பக்கத்தில் ரூபிகா கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

அந்த மூன்று நாலு நாட்களும் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. கத்தரிக்காய், வெண்டிக்காய், மறுபடியும் கத்தரிக்காய். இரவில் அவன் வரவேற்பறைச் சோபாவில் படுத்தான். கைகள் சிகரட்டைத் தேடின. நாலு வருட விரதத்தில் ரூபிகா ஒருநாளாவது இப்படிப் புலம்பினாளா என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் துரத்திவிட்டான். வியாழன் காலை பேலியகொடையைக் கடக்கும்போது மீன் சந்தை வாசம் காருக்குள் புகுந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆய்வுகூடம் கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கவுண்டரில் டெனிஷா என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்த பெண், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலையும் ஒரு கடதாசியையும் நீட்டினாள். கடதாசியில் இருந்ததெல்லாம் செய்தீர்களா என்று கேட்டாள். உமாசுதன் வாசித்தான். பரிசோதனைக்கு முன் மூன்று முதல் ஐந்து நாட்கள் உடலுறவு தவிர்க்கவும். புகை, மது கூடாது. தேசிய அடையாள அட்டை கொண்டுவரவும். மரக்கறி ஒன்றுதான் அதில் இல்லை. சாத்திரியார் பார்த்தது கிரகத்தையா, இந்தக் கடதாசியையா என்று அவனுக்குச் சந்தேகம் தட்டியது. கடதாசியின் கீழ் மூலையில் அவன் பெயரில் பதிவுசெய்த திகதி இருந்தது. போன வாரத் திங்கட்கிழமை.

அவன் மெதுவாக ரூபிகாவின் பக்கம் திரும்பினான்.

“நாங்கள் சாத்திரியாரிட்டைப் போனது எப்ப?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“இது பதிஞ்சது அதுக்கு முதல் திங்கள். சாத்திரியார் வாய் திறக்க ஆறு நாளைக்கு முதல் இவையளுக்கு எப்பிடித் தெரியும்?”

ரூபிகா சுவர் மணிக்கூட்டைக் காட்டினாள். “இப்பவே ஒன்பது அம்பது. முதல் உள்ளுக்குப் போயிட்டு வாங்கோ. நல்ல நேரம் முடியப் போகுது.”

உமாசுதனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏமாற்றியிருக்கிறார்கள். கட்டிய மனைவியும் நம்பிய சாத்திரியாரும் சேர்ந்து, படித்த மனிதனை, காப்புறுதி உத்தியோகத்தனை, கத்தரிக்காய் தின்னவைத்து ஆறு தாண்டி அழைத்து வந்திருக்கிறார்கள். போத்தலை மேசையில் அடித்து வைத்துவிட்டு வெளியேறிவிடத்தான் நினைத்தான். ஆனால் நல்ல நேரம் நல்ல நேரம்தானே. சாத்திரியார் பொய்யென்றாலும் பஞ்சாங்கம் பொய்யாகுமா? பத்து மணியாக எட்டு நிமிடம் இருந்தது. அவன் போத்தலோடு உள்ளே ஓடினான்.

அந்த அறையைப் பற்றி அவன் பிறகு யாரிடமும் பேசியதில்லை. சுவரில் ஒரு கொழுத்த குழந்தையின் படம் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததும், கதவுக்கு வெளியே இரண்டு ஊழியர்கள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி உரத்த குரலில் விவாதித்ததும் மட்டும் அவன் மனதில் மாறாத காயங்களாக நிலைத்துவிட்டன.

திங்கட்கிழமை வைத்தியரிடம் முடிவு போனது. விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவு, இருப்பவையும் மந்தமாக நீந்துகின்றன என்றார். பயப்பட ஒன்றுமில்லை, இது ஆண்களிடம் நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்றும் சொன்னார். சிகரட்டை நிறுத்தவேண்டும். மடிக்கணினியை மடியில் வைத்து வேலை செய்யக்கூடாது. மாத்திரை எழுதித் தந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கலாம், நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார். நாலு வருடம் முன்பே வந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உமாசுதனுக்குக் கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் ரூபிகா குத்திக் காட்டவில்லை. படியேறும்போதுதான் சொன்னாள்.

“நாலு வருஷமா எல்லாரும் என்ர வயித்தைத்தான் பாத்தவை. எனக்கு உங்களில கோவமில்லை. ஆனால் மாமி இனி என்னட்டை விரதம் எண்டு சொல்லக் கூடாது. அதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

உமாசுதனுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம். வலியில் கட்டில் கம்பியைப் பிடித்ததாக அவள் சொன்னது அவன் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தான் வெளியே இருந்து கிரிக்கெட் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. ஞாயிறு பின்னேரம் குளிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாலு தரம் ஒத்திகை பார்த்துவிட்டு, தானே அம்மாவுக்குப் போன் எடுத்தான். அம்மா உடைந்துபோவார், அழுவார், தேற்றவேண்டும் என்று ஆறுதல் சொற்களையும் தயாராக வைத்திருந்தான்.

“அம்மா, பிழை ரூபிகாவில இல்லை. என்னிலதான். இனி அவளை விரதம் பிடிக்கச் சொல்லாதேங்கோ. எங்கட குடும்பத்தில ஒரு ஆம்பிளைக்கும் வராத வெக்கம் எனக்கு வந்திட்டுது.”

மறுமுனையில் தேங்காய் துருவும் சத்தம் கொஞ்சம் நின்றது.

“அவள் அழுதுகொண்டு போன் எடுத்த அண்டைக்கு இந்த வழியைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்” என்றார் அம்மா. “உன்ர அப்பாவையும் இந்தச் சாத்திரியாற்றை தேப்பனைப் பிடிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினனான். இல்லாட்டி நீ எங்கையடா?”