ஓட முடியாதவரின் ஆறு வாரங்கள்

ஓடுகிறவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. விடிவதற்கு முன் எழுகிறார்கள், வியர்க்கிறார்கள், ஓடிய தூரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நாமும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி தூங்கிவிடலாம். அஞ்ச வேண்டியது ஓட முடியாமல் போன ஓட்டக்காரருக்குத்தான்.

அடையாளம் எளிது. ஒரு காலில் ஓட்டத்துக்கான ஷூ, மறு காலில் எலும்பு கூடுவதற்காக டாக்டர் மாட்டிவிட்ட, முழங்கால்வரை ஏறிய கறுப்பு பூட். மறந்தும் ‘கால் எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிடாதீர்கள். எலும்பில் விரிசல் விழுந்தது எந்த மைலில் என்பதில் தொடங்கி, பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டுவதுபோல் ஃபோனில் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, நீங்கள் ‘அடடா’ சொல்லும்வரை அதைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொல்வார்.

“ஆக்சுவலா இது ஒரு ப்ளெஸ்ஸிங், ப்ரோ. லைஃப்ல வேற எவ்ளோ கோல்ஸ் இருக்கு! இந்த ஆறு வாரம் அதையெல்லாம் என்ஜாய் பண்ணப்போறேன்.”

என்ஜாய் என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல இவர்களால் மட்டுமே முடியும்.

எங்கள் அமெரிக்கப் புறநகரான ஃபிரிஸ்கோவில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி தேவநேசன். முதல் வாரம் சமையலை என்ஜாய் செய்தார். பத்தொன்பது நிமிடத்தில் பதினோரு தோசை. மறுநாள் பதினெட்டில் பன்னிரண்டு. சாப்பிட ஆள் இருக்கிறதா என்பது அவர் கணக்கிலேயே இல்லை. இரண்டாம் வாரம் மகளுக்குக் கதை படித்துக் காட்டுவதை என்ஜாய் செய்தார். வாரத்துக்கு நாற்பது புத்தகம். “டாட், கேன் மாம் ரீட்?” என்றது குழந்தை. மனைவி ஜெபினா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஏங்க, எங்கயாச்சும் போய்ட்டு வாங்க. நொண்டிக்கிட்டாவது போங்க.”

அவர் நொண்டிக்கொண்டு வந்த இடம் எங்கள் கேரம் போர்டு.

சேனாபதியின் வீட்டு கேரேஜில் சனிக்கிழமை மதியம் ஐந்தாறு பேர் கூடுவோம். கதவு பாதி திறந்திருக்கும், ஒரு மின்விசிறி சூடான காற்றை எங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருக்கும். ஆட்டம் என்று பெயரே தவிர, ஆடுவது கொஞ்சம்தான். காரணம் கிட்டுசாமி அங்கிள். கோபிசெட்டிபாளையத்துக்காரர், மனைவி இறந்தபின் மகன் வீட்டோடு வந்துவிட்டவர். கார் ஓட்டத் தெரியாது. கார் இல்லாமல் ஃபிரிஸ்கோவில் தபால்பெட்டிவரைதான் போகலாம். மகனும் மருமகளும் வேலையில், பேரனுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அவர் சனிக்கிழமை எங்களிடம் கொண்டுவந்து கொட்டுவார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைப்பார், கை லேசாக நடுங்கும், குறிபார்ப்பார், பார்த்தபடியே, “அந்தக் காலத்துல எங்க மில்லுல ஒரு மேனேஜர் இருந்தானுங்க…” என்று ஆரம்பிப்பார். கதை முடிந்தால்தான் ஸ்ட்ரைக்கர் நகரும். காய் விழாது. நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம்.

தேவநேசன் இதை ஒரு சனிக்கிழமை முழுவதும் பொறுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“சும்மா இப்படி ஆடி என்ன யூஸ்? ஒரு லீகா பண்ணலாமே?”

பண்ணினார். அட்டவணை வந்தது, தரவரிசை வந்தது, குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும், ஆளுக்கொரு டி-ஷர்ட்டும் வந்தன. ஒரு அடிக்குப் பதினைந்து விநாடி என்ற விதி வந்தது.

“டைம், அங்கிள்!”

“ஏந்தம்பி, இதென்ன பஸ்ஸுங்களா? உட்டா போயிருமா?”

“ஃபோகஸ் பண்ணுங்க அங்கிள். உங்களால முடியும். விரலுக்கு ஒரு எக்சர்சைஸ் வீடியோ அனுப்புறேன்.”

அவமானப்படுத்துகிறவன்மேல் கோபப்படலாம். ஊக்கப்படுத்துகிறவனை என்ன செய்வது? அந்த மில் மேனேஜருக்குக் கடைசியில் என்ன ஆனது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது சனிக்கிழமை, தரவரிசையின் அடியில் கிடந்த அங்கிளை ரிசர்வ் ஆட்டக்காரராக்கி, “உக்காந்து சப்போர்ட் பண்ணுங்க, அதுவும் ஒரு ரோல்தான்” என்றார் தேவநேசன். அங்கிள் டி-ஷர்ட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கைதட்டினார். அடுத்த வாரம் மூட்டுவலி என்று சொல்லியனுப்பினார்.

அதற்கடுத்த வாரம் தேவநேசனும் வரவில்லை. காலிலிருந்து அந்தக் கறுப்பு பூட்டைக் கழற்றிவிட்டார்களாம். குழுவில் செய்தி வந்தது: “கைஸ், ஐ ஆம் பேக்! கேரம் எனக்குப் பொறுமையைக் கத்துக்கொடுத்துச்சு. வாட் எ ஜர்னி!” கூடவே மூன்று மைல் ஓடிய வரைபடம். ஐந்து பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

தரவரிசைத் தாளை கேரேஜ் சுவரிலிருந்து கிழித்துப் போட்டுவிட்டு, நானும் சேனாபதியும் அங்கிளைக் கூப்பிடப் போனோம். கதவைத் திறந்தவருக்கு எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. உள்ளே டைனிங் டேபிளில் தண்ணீர் பாட்டில் மூடிகள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஃபோன், அதில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“வாங்க அங்கிள், லீகெல்லாம் முடிஞ்சுபோச்சு. பழையபடி ஆடலாம்” என்றார் சேனாபதி.

“இன்னும் மூணு வாரம் ஆவுட்டுங்க தம்பி. நானெதுக்கு நடுவுல வந்து உங்க நேரத்தக் கெடுத்துக்கிட்டு? இப்பத்தான் பதினெட்டு செகண்டுக்கு வந்திருக்கறனுங்க.”

எவ்வளவோ சொன்னோம். அவர் நம்பவில்லை. ஏன் நம்புவார்? தேவநேசன் ஆடிக்கொண்டிருந்தபோது ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு “டைம், அங்கிள்” என்று சொன்னதெல்லாம் நாங்கள்தானே. இரண்டு காலும் நன்றாக இருந்தவர்கள்.

ஆகவே, ‘நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை’ என்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு இதுவரை வந்திருக்கும் வாசகரே, இந்த இனத்துக்கு ஓடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. யாரோ ஒருவர் எதையோ மெதுவாக, மோசமாக, சந்தோஷமாகச் செய்துகொண்டிருக்கும்போது, ‘இதையே கொஞ்சம் ஒழுங்கா பண்ணலாமே’ என்று உங்கள் நாக்கு நுனிக்கு வந்ததுண்டா? போன வாரம்? இன்று காலை?

காலைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எங்கேயாவது விரிசல் இருக்கும்.