புளி போட்டு விளக்கிய பவளம்

உலகத்தின் எல்லாக் கோளாறுகளையும் புளியால் சரிசெய்யலாம் என்று நிரூபிக்கவே பிறந்தவர், எங்கள் ஆய்வுக்கூட ஜீப் டிரைவர் புளி அண்ணன். ஜவ்வாதுமலைக்காரர். பேட்டரி முனையில் பச்சை பூத்தால் புளி. எனக்கு வாந்தி வந்தால் புளி. துறைத் தலைவர் கோபமாக இருந்தால் அவர் மேசையில் கொட்டையெடுத்த புளி, இரண்டு கிலோ. மூன்றும் வேலை செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன பங்குனியில், ராமேஸ்வரம் கரையில் மூன்று வாரம் அலைந்து சேர்த்த பதினொரு புதைபடிவப் பவளங்களோடு வேலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். முற்காலத்தில் கடல் சூடானபோது எந்தப் பவளம் எப்போது செத்தது என்பது என் ஆராய்ச்சி. பவளத்துக்குள் இருக்கும் யுரேனியம் மெல்லத் தோரியமாக மாறும். மாறிய அளவை வைத்து வயதைச் சொல்லலாம். பதினொன்றில் ஏழாம் எண் மட்டும்தான் உள்ளே சிதையாதது. அது போனால் ஆராய்ச்சியும் போச்சு.

போளூரில் வண்டி மலைப்பக்கம் திரும்பியது.

"அண்ணா, நேரா வேலூர் போகணும்."

"புளி உலுக்குற நேரம்மா. வூட்டாண்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம். சாமைச் சோறு துன்னுட்டுப் போலாம்."

சோற்றை முடித்து வெளியே வந்தால், குழாயடியில் அண்ணன் குந்தி, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் ஏழாம் எண்ணைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா! அது சுண்ணாம்பு! புளி அரிச்சிடும்!"

"அய்ய, ஒரே அழுக்கா கீது. இப்டியேவா லேபுக்கு எடுத்துனு போவீங்க?"

பிடுங்கிப் பார்த்தேன். மேலிருந்த சாம்பல் பொருக்கு மட்டும் போயிருந்தது. லேபில் அதை நாங்களே சுரண்டித்தான் எடுப்போம். அடியில், வருடத்துக்கு ஒன்றாக வளர்ந்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. அண்ணன் ஈரவிரலால் விளிம்போரம் தொட்டார். அங்கே கோடுகள் நெருங்கி, நூலாக மெலிந்து, நின்றுவிட்டிருந்தன.

"இங்கதாம்மா இதுக்கு இன்னாவோ ஆயிருக்கு. எங்க மரத்த வெட்டுனா, மழ இல்லாத வருசத்துக் கோடும் இப்டித்தான் மெலிஞ்சு கெடக்கும்."

சாமைக் கொல்லை நடுவே, ஒரு கடலின் கடைசி வருடங்கள் அவர் விரலுக்கடியில் இருந்தன.

ஆறு மாதம் கழித்து வயது தெரிந்தது. போனில் சொன்னேன்: "பல ஆயிரம் வருஷம்ணா."

அண்ணன் கேட்டார்:

"அம்மாம் வருசமா யாருமே அத்தக் கழுவி உடலியா, பாவம்?"

ஏழாம் எண் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பக்கத்தில், கல்லைத் தொடாதபடி காற்றுப்புகாத டப்பாவில், அண்ணன் கொடுத்த புளி உருண்டை.