டயர் மதில்

குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையை அய்யாவு சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"அதையும் அடைச்சிட்டா குளிக்கிற தண்ணி எங்கங்க போகும்?" என்றாள் மனைவி செல்வராணி.

"போன வருஷம் வெள்ளம் இது வழியாத்தான் உள்ள வந்துச்சு. ரெண்டு நாள் குளிக்காட்டி செத்தா போயிருவோம்?"

போன வருடம், மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பில் தண்ணீர் வடிய மூன்று வாரம் ஆனது. செல்வராணியின் தையல் மெஷின் துருப்பிடித்து வீணானது. அடுத்த மாதமே அய்யாவு வேலை பார்த்த துணித் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். இப்போது வீட்டில் அடுப்பெரிவதே, யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய மெஷினில் அவள் தைக்கும் பள்ளிச் சீருடைகளால்தான்.

மணல் மூட்டை வாங்க வழியில்லை. ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் பழைய டயர்களை அடுக்கியே வீட்டைக் காப்பாற்றியதை அய்யாவு கைப்பேசியில் பார்த்திருந்தார். பட்டறை பட்டறையாக அலைந்து டயர் சேர்த்தார். மண் நிரப்பி, வீட்டைச் சுற்றி நெஞ்சுயரத்துக்கு அடுக்கினார். ஒரு சொட்டு புகக்கூடாதென்று டயர்களைச் சுற்றிக் கான்வாஸை உயர இழுத்துக் கட்டினார். வாசலுக்குக்கூட வழி விடவில்லை.

இரண்டு நாள் விடாத மழை; கூரைத் தண்ணீர் மதிலுக்குள் அருவியாகக் கொட்டியது. மூன்றாம் நாள் காலை, தண்ணீர் வாசற்படி தாண்டிக் கூடத்துக்குள் வந்தது.

"அலமாக்! வந்துருச்சு ராணி!"

"வெளிய எட்டிப் பாருங்க."

"பார்த்து என்ன ஆகப்போகுது? கடல் மாதிரி கெடக்கும். மதில் மட்டும் இல்லன்னா இந்நேரம் நம்ம கழுத்துக்கு வந்திருக்கும் லா."

துணி துவைக்கும் மெஷினின் மோட்டாரைக் கழற்றித் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று செய்தார். சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போனது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அறைக்கதவைக் கழற்றி, நான்கு வாளிகளைக் கவிழ்த்து, மேடை போட்டுத் தையல் மெஷினைத் தூக்கி வைத்தார். ஒரு வாளி நசுங்கியது. மெஷின் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தது.

செல்வராணி அழவில்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்து, நனைந்த சீருடை ஒன்றைப் பிழிந்துகொண்டே, "மீட்புப் படைக்குப் போன் போடுங்க" என்றாள்.

மதியம், மீட்புப் படைத் தொண்டர் ஒருவர் கான்வாஸை விலக்கி, டயர்மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"போட் எங்க தம்பி?" என்று பதறினார் அய்யாவு. "எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்கா?"

தொண்டர் திரும்பி ஒருமுறை ரோட்டைப் பார்த்தார்.

"நான் மோட்டார்சைக்கிள்ல வந்தேன் அங்கிள். ஆறு இன்னும் கரையைத் தாண்டல. இந்தத் தாமான்லயே வெள்ளம் உங்க வீட்டுல மட்டும்தான்."