ராஜா இருந்த இடத்தில் மோகன்

கோயிலில் பொங்கல் இலவசமாகத்தான் தருகிறார்கள். கையை நீட்டினால் தொன்னை நிறையக் கிடைக்கும். அந்தக் கோயிலில் சுவர் ஏறிக் குதித்து, மடப்பள்ளிக்குள் புகுந்து, பொங்கலைத் திருடிக்கொண்டு ஓடி, முழங்காலையும் பெயர்த்துக்கொண்ட ஒருவனை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால் கோலார் தங்கவயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸுக்கு வாருங்கள். நானே டீ வாங்கித் தருகிறேன்.

நான் திருடியது பொங்கல் இல்லை, சதுரங்கம் ஆடும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். செஸ் என்ஜின் என்பார்கள். (என்ஜின் என்றதும் என் அப்பா, “எத்தினி குதிரை சக்திடா?” என்றார். “ரெண்டு பக்கமும் சேத்தா நாலு குதிரைப்பா” என்றேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.)

பெங்களூரில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. தினமும் ரயிலில் போய் வருவேன். ஆபீஸில் ஆளாளுக்குச் சொந்தமாக எதையாவது உருவாக்கி மார்தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உருவாக்க ஆசை இல்லை. மார்தட்ட மட்டும் ஆசை.

இணையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் தன் செஸ் என்ஜினைத் திறந்து போட்டிருந்தார். பல வருஷ உழைப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நிபந்தனை இரண்டே இரண்டு: என் பெயரை எடுக்காதீர்கள், நீங்கள் மாற்றியதையும் இதேபோல் திறந்து வையுங்கள். அவர் குடும்பப் பெயர் கிங்.

காலையில் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறினேன். ‘கிங்’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘மோகன்’ என்று மாற்று எனக் கம்ப்யூட்டருக்கு ஓர் ஆணை கொடுத்தேன். அந்த மனிதருக்குப் பல வருஷம் பிடித்த வேலையை நான் பக்கத்து ஜங்ஷனான பங்காருப்பேட்டை வருவதற்குள் முடித்துவிட்டேன். ‘கோல்டன் சாம்பியன், உருவாக்கியவர்: மோகன்’ என்று திரையில் வந்தபோது எனக்கே கண் கலங்கியது.

மனசாட்சி லேசாக உறுத்தியதால் சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்த்தேன். கட்டங்களுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தேன். குதிரை எனக்குப் பிடித்த காய் என்பதால் அதன் மதிப்பை ராணிக்கு மேலே ஏற்றினேன். அதன் பிறகு என்ஜின், குதிரைக்காக ராணியைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தது. ஆக, அதில் உள்ள நல்லது எல்லாம் கிங்குடையது. கெட்டது மட்டும் என் கண்டுபிடிப்பு.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். சொன்னேன். அந்தச் சமயம் அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள்.

“எம் புள்ள சொம்மா ஆளில்லீங்க. செஸ் ஆடற கம்ப்யூட்டரையே கண்டுபுடிச்சிகீறான்” என்று தரகரிடம் சொல்லியிருக்கிறாள். தரகர் அதைப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த சண்முகம் வீட்டில் சொல்லியிருக்கிறார். சண்முகம் அந்தத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அங்கே கேரமுக்கு ஒரு கூட்டம் உண்டு, செஸ்ஸுக்கு இவர் ஒருவர்தான். எதிரில் உட்கார ஆள் கிடைக்காமல் தவித்தவர், “மாப்பிள்ளை வர்றப்போ அந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்தாரச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினார்.

பெண் பார்க்க லேப்டாப்போடு போனேன்.

கூடத்தில் சண்முகம், நான், என் அப்பா, அம்மா. பெண் வனிதா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். அவளுடைய சரோஜா அத்தை சமையலறையில் பஜ்ஜி போட்டுப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

சண்முகம் முதல் காயை நகர்த்தினார். அசலில், யோசிக்கும் நேரத்தில் ‘திங்கிங்’ என்று ஆங்கிலத்தில் காட்டும் என்ஜின் அது. அந்தச் சொல்லின் வாலிலும் ஒரு ‘கிங்’ இருக்கிறது என்பது, அடுத்தவர் குற்றத்தைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கும் எனக்குத் தோன்றவில்லை. முகப்பில் என் பெயர் வந்த சந்தோஷத்தில் நான் அதை ஒரு ஆட்டம்கூட முழுதாக ஆடிப் பார்த்திருக்கவில்லை.

சண்முகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “தின்… மோகன்.”



“இன்னா சொல்லுது?” என்றார் அப்பா.

“தின் மோகன்னு போட்டிருக்கு.”

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “வேல செய்யச் சொல்ல சோறு தண்ணி மறந்துடுவான். அதான் ஞாபகப்படுத்தற மாதிரி செஞ்சி வச்சிகீறான். இல்லடா?”

“ஆமா” என்று ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றேன்.

அங்கேதான் மாட்டினேன். சண்முகம் ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் ‘தின் மோகன்’ வந்தது. ஒவ்வொரு முறையும் நான் ஒரு பஜ்ஜி தின்றாக வேண்டியிருந்தது. தட்டு காலியானால் அத்தை வந்து நிரப்பினார். சண்முகமோ வேகமாக ஆடுகிறவர். வாழைக்காய் முடிந்து வெங்காயம் வந்தது. வெங்காயம் முடிந்து மிளகாய் வந்தது. கண்ணில் நீர் வழிய, என் மூச்சு சுரங்க ஷாஃப்ட்டில் இறங்குகிற கேஜ் கூண்டு மாதிரி கீழே போய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையில் என் குதிரைப் பாசத்தால் என்ஜின் ராணியைப் பறிகொடுத்தது. சண்முகம் செக் வைத்தார். திரையில் வந்த ஆங்கிலத்தை அவரே தமிழில் சொன்னார்: “மோகனுக்கு ஆபத்து.”

அம்மா முகம் மாறியது.

அடுத்த நகர்த்தலுக்கு: “மோகன் ஓடுகிறார்.”

“டேய், இன்னாடா இது உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவுது?” என்றார் அப்பா.

கடைசியாக: “மோகன் மாட்டிக்கொண்டார். தப்ப வழியில்லை.”

நான் இன்னொரு மிளகாய் பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டேன். வனிதா திரையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதை நிஜமா எழுதினவர் பேரு கிங்கா?” என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

“இன்னாம்மா விஷயம்?” என்றார் சண்முகம்.

“இது ஓப்பன் சோர்ஸ்ப்பா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், தப்பே இல்ல. எழுதினவர் பேரை மட்டும் விட்டு வைக்கணும். இவரு அதைத்தான் எடுத்துட்டாரு.” என் பக்கம் திரும்பினாள். “கதவைத் திறந்து வச்சு, உள்ள வாங்க, எது வேணுமோ எடுத்துக்கங்கன்னு சொன்ன வீடு. நீங்க வாசல்ல இருந்த பேர்ப்பலகையை மட்டும் திருடிட்டு வந்திருக்கீங்க.”

சண்முகத்துக்கு இன்னும் புரியவில்லை. “ஓப்பன் சோர்ஸ்னா?”

“தமிழ்ல திறந்த மூலம்னு சொல்வாங்கப்பா. இவரு மூலத்தை மறைச்சிட்டாரு. அவ்ளோதான்.”

சரியாக ‘மூலத்தை மறைச்சிட்டாரு’ என்ற இடத்தில்தான் சரோஜா அத்தை புதுத் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தார்.

“அய்யே!” தட்டு கீழே போனது. “மூலத்த மறைச்சிட்டா பொண்ணு பாக்க வந்தாரு? அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்த ஒடம்ப வச்சிக்கினு இத்தினி மொளகா பஜ்ஜி துன்னாரே!”

நாங்கள் விளக்குவதற்குள் அத்தை பக்கத்து வீட்டுக்கு மோர் வாங்கப் போய்விட்டார். சும்மா கேட்டால் கொடுப்பார்களா? காரணத்தைச் சொல்லிக் கேட்டார். நாங்கள் ஊர் திரும்பியபோது தெருமுனையில் ஒருவர் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, கோலாரில் நல்ல டாக்டர் இருக்கிறார், கத்தியே வேண்டாமாம் என்றார்.

கிளம்பும்போது வனிதா வாசல் வரை வந்தாள். “அவர் பேரைத் திருப்பிப் போடுங்க. அவருக்கு எழுதிச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்” என்றாள். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போட்டேன். நான் சேர்த்த மஞ்சள் வர்ணம், குதிரை வைத்தியம் எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்தேன். கிங்குக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் எடுத்து நான் எழுதியது அதுதான். பங்காருப்பேட்டை என்ன, பெங்களூர் வந்தும் முடியவில்லை. மறுநாளே பதில் வந்தது. ‘நானும் பலரிடம் கற்று எழுதியவன்தான், அவர்கள் பெயரெல்லாம் உள்ளே இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். கீழே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்: ‘உங்கள் மொழியில் ராஜாவை மோகன் என்றா சொல்வீர்கள்? அழகாக இருக்கிறது.’

அதைப் படித்துக் காட்டியபோதுதான் வனிதா வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணம் நடந்தது.

இப்போது எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்தவர் சொத்தில் என் பெயரைப் போட்டதற்காக இன்று வரை ஊரில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. இல்லாத மூலத்துக்கு மட்டும் வைத்தியம் நின்றபாடில்லை. துத்திக்கீரையை மஞ்சள் பையில் போட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நாற்காலியில் எனக்கு மட்டும் ஒரு தலையணை இருக்கிறது.

“நீயாவது அத்தைகிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்று வனிதாவிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

“எதுக்கு? அவரு பேரை நீங்க எடுத்தீங்க. உங்க பேரை அத்தை எடுத்தாங்க.”

போன மாதம் அத்தை பேரன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். மிளகாய் பஜ்ஜி வைக்க வந்த பையன் என் இலையைத் தாண்டிப் போனான். பின்னாலேயே சரோஜா அத்தை வாளியோடு ஓடி வந்தார்.

“மாப்ளைக்கு மட்டும் கருணைக்கிழங்கு மசியல் தனியா செஞ்சிகீறேன். கூச்சப்படாம துன்னுங்க.”